எத்தனை அங்குலம், யார் சொல்லி

ஊர்ப் பெயரில் தலை இருக்கிறது,
ஆற்றுக்கு நாங்கள் வால்.
ஆற்றின் பெயர் அரிச்சந்திரா.
பொய் சொல்லாதவன் பேர்தான்,
சில வருஷம் வரும், சில வருஷம் வராது.

தலைஞாயிறு கடைத்தெருவில்
உரக்கடைக்கும் சலூனுக்கும் நடுவே
என் ஜெராக்ஸ் கடை.
பட்டா, சிட்டா, பயிர்க் காப்பீடு,
லேமினேஷன் என்றால் இருபது ரூபாய்.

வெள்ளிக்கிழமைகளில் அமுதரசி
கப்பல் பார்க்க வருவாள்.
அவள் வீட்டுக்காரர் எண்ணெய்க் கப்பலில் மோட்டார்மேன்.
முதலாளி கைவிட்டுப் போன கப்பல்.
சம்பளமில்லாமல் ஏழு மாதம்
ஏதோ ஒரு துறைமுகத்துக்கு வெளியே
நங்கூரத்தில் நிற்கிறது.
சிக்னல் கிடைக்கிற நாளில் போன் செய்து
நல்லாத்தான் இருக்கேன் என்பார்.
அதை அவள் நம்புவதில்லை.

நம்பியது அந்த வெளிநாட்டுத் தளத்தை.
யாரோ, எந்த ஊரிலோ உட்கார்ந்து,
கைவிடப்பட்ட கப்பல்களைப் பட்டியல் போட்டிருந்தார்கள்:
பேர், ஆட்கள் எத்தனை,
குடிதண்ணீர் இன்னும் எத்தனை நாளுக்கு.
வரைபடத்தில் ஒரு பச்சை முக்கோணம்.
அதன்மேல் விரலை வைத்தால்
கொஞ்ச நேரம் எடுக்க மாட்டாள்.
என் திரையில் அந்த இடம் மட்டும் மங்கல்.

ஆடி மூன்றாம் வெள்ளி
முக்கோணம் இல்லை. கடலும் இல்லை.
வெள்ளையாக இரண்டு வரி:
அரசு உத்தரவுப்படி
இந்தத் தளம் முடக்கப்பட்டுள்ளது.

"நெட் இல்லையா?"
இருக்கிறது. சலூனில் கிரிக்கெட் ஓடுகிறது.
"கரண்டா?"
ஃபேன் சுற்றுகிறதே.
"அப்ப என்னதான் இல்ல?"
ரேட் போர்டில் எழுதாத கேள்வி.

ஸ்காலர்ஷிப் ஃபாரத்தோடு நின்ற நவநீதன் எட்டிப் பார்த்து
"விபிஎன் போட்டா வரும்க்கா" என்றான்.
ராத்திரியில் கரையை வெட்டிக்
கள்ள மடை வைக்கிற மாதிரிதான்.
நான்கு நிமிடம்
என் கடை நெதர்லாந்தில் இருந்தது.
அங்கேயும் கடலுக்குக் கீழேதான் வயலாம்.
தெரியாத பாஷையில் எதற்கோ சம்மதம் கேட்டார்கள்,
சம்மதித்தேன்.
கட்டம் கட்டமாக நீலம் வந்தது, பாதிக் கடல்.
கப்பல் வருமுன் அறுந்துவிட்டது.
திரும்பவும் தலைஞாயிறு,
யூரியா வாடை.

ஊருக்கெல்லாம் மனு எழுதிச் சோறு தின்கிறவள்,
ஒன்றை என் பேரில் எழுதினேன்.
பத்து ரூபாய் ஸ்டாம்ப் ஒட்டிக் கேட்டேன்,
எந்த உத்தரவு, எந்தத் தேதி,
அந்தப் பக்கம் செய்த குற்றம் என்ன.
நாற்பத்திரண்டாம் நாள் பதில் வந்தது.
நல்ல தாள்.
கோரிய விவரம் ரகசியமானது.
அதையும் ஒரு காப்பி எடுத்து வைத்தேன்,
பழக்க தோஷம்.

அதுவும் ஒரு வெள்ளி. அமுதரசி பெஞ்சில் இருந்தாள்.
லஸ்கர் பக்கிரிசாமி
ஷட்டர் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார்.
தண்ணீர் வரவில்லை என்று மேலக்கரையில் ரகளை,
தாசில்தாருக்கு நகல் வேண்டுமாம்.
பக்கம் பக்கமாய்க் கண்ணாடியில் கவிழ்த்தேன்.
காலை ஆறு, இரண்டாம் ஷட்டர், ஒன்பது அங்குலம் இறக்கம்,
ஏ.ஈ. போனில் சொல்லி.
இரவு பதினொன்று, முழு அடைப்பு,
உப்புத்தண்ணீர் ஏறுகிறது,
யாரும் சொல்லவில்லை, நானே.
கீழே கையெழுத்து,
ஓரத்தில் சேற்றுக் கட்டைவிரல்.

"இத வச்சுத்தானே உங்களத் திட்டுவாங்க?"
"திட்டட்டுமே" என்றார்,
சில்லறையை எண்ணிக்கொண்டே.
"யாரத் திட்டணும்னு தெரிய வேணாமா?"

அவர் போன பிறகு
அமுதரசி என் பக்கம் திரும்பினாள்.
அந்த ரெண்டு வரியைப் பிரிண்ட் போடு என்றாள்.
போட்டேன்.
என் பேனாவை வாங்கி
ஓரத்தில் தேதி எழுதினாள், மணி எழுதினாள்,
முழு அடைப்பு என்று எழுதினாள்.
அடுத்த சொல்லுக்கு முன்
முனையைத் தாளில் வைத்தவள்
கொஞ்ச நேரம் எடுக்கவில்லை.
மை ஊறிப் பரவியது.

மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு
இரண்டு ரூபாய் நீட்டினாள்.
வாங்கிக்கொண்டேன்.