புனிதர் அனைவருக்கும் கூட்டாஞ்சோறு

லாரன்ஸைக் கம்பியடுப்பில் கிடத்திச் சுட்டார்களாம்.
"இந்தப் பக்கம் வெந்துவிட்டது,
திருப்பிப் போடுங்கள்" என்றாராம் அவர்.
ஆகஸ்டு பத்தாம் தேதி எங்கள் வீட்டில்
வஞ்சிரத்தைத் திருப்பும்போதெல்லாம்
அமலி சிரிப்பாள்.
வேதசாட்சியை நினைத்துச் சிரிக்கலாமா என்றேன்.
அவரே சிரித்தார், உனக்கென்ன என்றாள்.

லிங்கராஜபுரம், மேம்பாலத்துக்கு இந்தப்புறம்,
மூன்றாவது மாடி.
சமையலறைச் சுவரில் பங்குக்கோயில் காலண்டர்.
அவள் வட்டம் போட்ட நாளெல்லாம்
யாரோ ஒருவர் சாப்பிட வருகிறார்.

செபஸ்தியாருக்குப் பல்குச்சியில் கோத்த கோழித்துண்டு.
அம்புகளைப் பிடுங்கிப் பிடுங்கித் தின்றோம்.
பிளேசியாருக்கு மத்தி.
தொண்டையில் முள் சிக்கிய பையனைப்
பிழைக்க வைத்தவர் அவர்.
ஒரு மணி நேரம் முள் ஆய்ந்து, பிசைந்து, உருட்டி,
முதல் உருண்டையிலேயே எனக்கு ஒன்று குத்தியது.
அவரிடம் சொல்லிக்கொள் என்றாள்.
தோமையாருக்குப் பூரணக் கொழுக்கட்டை,
விரலால் குத்திப் பார்த்த பிறகுதான் வாயில் போடலாம்.
அந்தோணியாருக்கு மீனே கிடையாது.
அவர் பிரசங்கத்தைத் தலைநீட்டிக் கேட்டவையாம் மீன்கள்.
கேட்க வந்தவர்களைப் பொரிப்பது மரியாதையில்லை.

லூசியாவிடம்தான் தகராறு.
கண்களைத் தட்டில் ஏந்தி நிற்பவள் அவள்.
மஞ்சள் உடையாத இரண்டு முட்டைகள்
தன்னையே பார்க்கின்றன என்று
எதிர்வீட்டு நிஷ்சல் எழுந்து ஓடினான்.
நாலாம் வகுப்பு.
மிளகுத்தூளால் மூடிவிட்டு
"தூங்கிவிட்டாள், வா" என்று கூப்பிட்டாள் அமலி.
வந்தான்.

அவனுக்குப் பெயர்கள் வாயில் நுழையாது.
குச்சிச் சாமி, முள்ளுச் சாமி, முட்டைச் சாமி.
கதவைத் தட்டி, கன்னடத்தில்
"இவத்து யாவ தேவரு?" என்பான்.
அவன் அம்மா பாத்திரத்தைக் காலியாகத் திருப்புவதில்லை.
ராமநவமிக்குக் கோசம்பரி வரும்,
எங்கள் மூடியை மட்டும் தொலைத்துவிட்டு.

எப்போது தொடங்கியது என்று யாரும் கேட்டதில்லை.
ஐந்து வருடம் முன்பு, அக்டோபர் இருபத்தெட்டு.
யூதா ததேயு,
கைவிட்டுப்போன காரியங்களின் பாதுகாவலர்.
ஆஸ்பத்திரியிலிருந்து ஆட்டோவில் வந்தோம்.
மடியில் பில்லும் பையும்.
வீட்டில் அரிசி இருந்தது, அவ்வளவுதான்.
நான் வைத்த கஞ்சி அடிப்பிடித்தது.
காலண்டரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு
"இவருக்கு இது போதும்" என்றாள்.
குடித்தோம்.

நவம்பர் ஒன்றுதான் சிரமம்.
பெயருள்ளவருக்கு ஒரு கதை இருக்கிறது,
கதைக்குள் எப்படியும் ஒரு சமையல் சாமான் கிடைத்துவிடும்.
எந்தப் பட்டியலிலும் இல்லாதவர்களுக்கு
என்ன பிடிக்கும்?
ஃபிரிட்ஜைத் திறந்தாள்.
அரை முருங்கைக்காய், முந்தாநாள் பருப்பு,
ஒரு கத்திரி, சுருங்கிய கேரட்,
எல்லாம் ஒரே குக்கரில்.

"இவத்து யாவ தேவரு?"
"எல்லாரும்."
"எல்லாரும்னா?"
"பேர் இல்லாதவங்களும்."

சொல்லிவிட்டு ஸ்டூல் போட்டு ஏறி
பரணிலிருந்து அதை எடுத்தாள்.
சிவாஜிநகர் பாத்திரக்கடையில் ஏழாம் மாதம் வாங்கியது,
உள்ளங்கை அளவு எவர்சில்வர் கிண்ணம்.
வெட்டும் மெஷினைக் கையில் வைத்துக்கொண்டு
என்ன பெயர் என்றார் கடைக்காரர்.
பிறந்ததும் வருகிறோம் என்றோம்.

கழுவி, முந்தானையில் துடைத்து,
மூன்று கரண்டி வைத்தாள்.
ஆவி அடங்கும்வரை
யாரும் பேசவில்லை.
பிறகு, ஆறினால் நன்றாயிருக்காது என்று
நிஷ்சல் பக்கம் தள்ளினாள்.

வழித்துத் தின்றான்.
யாருடையது என்று அறிய
எந்தப் பாத்திரத்தையும் பார்ப்பதுபோல
அதையும் திருப்பிப் பார்த்தான்,
இந்தப் பக்கம், அந்தப் பக்கம்.
அமலி அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நிமிர்த்தி நீட்டினான்.
"ஆன்ட்டி, இன்னும் இருக்கா?"