ஆற அமர

கோப்பை வந்த பெட்டிக்குள் ஒரு தாளும் இருந்தது:
ஒரு மாதம் வீட்டில் புழங்கிப் பாருங்கள்,
உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்.
கோப்பை உங்களுக்கே.
கூலி அவ்வளவுதான்.

கடல்பச்சை நிறம். இரட்டைச் சுவர்.
இரண்டுக்கும் நடுவே ஒன்றுமில்லை;
அந்த ஒன்றுமில்லாததுதான் சூட்டைக் காக்கிறதாம்.
டேலிடம் சொன்னேன்.
"எங்க யூனியன் மாதிரி" என்றார்.

டுலூத்தில் அக்டோபரே குளிர்காலம்தான்.
முதல் ஞாயிறு,
இறைச்சி வெந்ததா என்று குத்திப் பார்க்கும் வெப்பமானியோடு
சமையலறையில் உட்கார்ந்தேன்.
ஊற்றும்போது நூற்றுத் தொண்ணூறு.
ஒரு மணி கழித்து நூற்றெழுபத்தெட்டு.
இரண்டில் நூற்றெழுபது. நான்கில் நூற்றைம்பத்தேழு.
ஃபாரன்ஹீட்தான்; இந்த ஊர்க் காய்ச்சலும் குளிரும் அதில்தான்.
எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன்.

தலைகீழாகப் பையில் போட்டேன்: ஒரு சொட்டுச் சிந்தவில்லை.
நிலவறைப் படியில் உருண்டது: அடியில் ஒரு நசுங்கல்,
குழந்தையின் கன்னக்குழி அளவு.
மூடியின் ரப்பர் வளையத்தில் பழைய காபி வாடை தங்குகிறது,
தேய்க்க டூத்பிரஷ் வேண்டும்.
காரில் கோப்பைக்கென்று இருக்கும் குழியில் நுழையாது.

டேலுக்கு இரும்புத்தாது ஏற்றும் துறையில் விடிகாலை வேலை.
எனக்கு மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் இரவு ஒரு மணி வரை.
அவர் எழும்போது நான் முதல் தூக்கத்தில் இருப்பேன்.
நாலு மணிக்குக் காபி போட்டு, தன் பிளாஸ்க்கை நிரப்பி,
எனக்குக் கொஞ்சம் ஊற்றி மூடிவிட்டுப் போவார்.
எட்டு மணிக்கு நான் திறப்பேன்.
பத்தொன்பது வருஷம் பச்சைத்தண்ணியாய் ஆறிய காபி.
இப்போது நாக்கைச் சுட்டது.
நூற்றைம்பத்தேழு.
மறுநாளும் நூற்றைம்பத்தேழு. அதற்கடுத்த நாள் ஐம்பத்தெட்டு.
அதிகம் பேச வாய்க்காத வீட்டில்
அந்த எண் ஒரு சேதி மாதிரி:
நாலுக்குக் கிளம்பிவிட்டேன், மார்னி.

நவம்பர் இரண்டாம் செவ்வாய். நூற்றெழுபது.

வெப்பமானி பிசகியதோ என்று கொதிநீரில் வைத்துப் பார்த்தேன்.
பிசகவில்லை.
புதனும் நூற்றெழுபது.
வியாழன் விடிகாலை, ஏரிப் பக்கமிருந்து வந்த பனி
ஐந்து மணிவரை கொட்டியதாக ரேடியோ சொன்னது.
எங்கள் வாசலில் அவர் வண்டியின் சக்கரத் தடம்
கரை கலையாமல் கிடந்தது,
மேலே ஒரு துகள்கூட விழாமல்.

ஃபிரிட்ஜ் கதவுத் தாளில் விரல் வைத்து இறங்கினேன்.
நூற்றெழுபது என்றால் இரண்டு மணி நேரம்.
எட்டில் இரண்டு போனால் ஆறு.

அன்றிரவு நாலரைக்கு அலாரம் வைத்துத்
தலையணைக்கடியில் செருகினேன்.

அடுப்புக்கு மேல் உள்ள சின்ன விளக்கு மட்டும்.
கோட்டு போட்டிருந்தார், பூட்ஸ் நாடா இறுகக் கட்டியிருந்தது,
சாப்பாட்டுப் பெட்டி மூடித் தயாராக.
இரண்டு கையையும் மேஜைமேல் விரித்து வைத்திருந்தார்,
யாரோ அளவெடுக்கப் போவது போல.

"திங்கக்கிழமை ஆள் குறைச்சுட்டாங்க."
வெகுநேரம் கழித்து,
"டோனட் கடை ஆறு மணிக்குத்தான் திறக்குது."

காபி போட எழுந்தவர் பழக்கத்தில் பச்சைக் கோப்பையை எடுத்தார்.
வாங்கி அப்பால் வைத்தேன்.
"வேண்டாம். இதில் ஊற்றினால் ஆறாது."
அலமாரியின் பின்வரிசையிலிருந்து
விளிம்பு உடைந்த பீங்கான் கோப்பைகள் இரண்டை எடுத்தேன்.
பத்து நிமிஷம்கூடத் தாங்காதவை.
முதல் முறை ஆறியது, கொட்டினேன்.
இரண்டாம் முறையும் ஆறியது.
வீட்டுக் கடன், அவர் முழங்கால், தம்பிக்குக் கொடுத்த பணம்
எல்லாம் அந்த மேஜைக்கு வந்துபோயின.
பனி வாரும் வண்டி தெருவைச் சுரண்டிக்கொண்டு போனது.
ஆறு மணி அடித்தபோது
பூட்ஸ் நாடாவை அவிழ்க்க அவர் குனிந்தார்.

தாளை இன்று நிரப்பினேன்.
சூடு நிற்கிறது. மூடி ஒழுகவில்லை. பிடி சற்றே பெரிது.
யாருக்கு இதைப் பரிந்துரைப்பீர்கள் என்ற இடத்தில்
பேனா கொஞ்சம் நின்றது.
வெவ்வேறு நேரத்தில் விழிப்பவர்களுக்கு, என்று எழுதினேன்.
பிறகு ஓரத்தில், சின்ன எழுத்தில்:
காரின் குழிக்குள் நுழையாது.