முக்கால் இஞ்சி

சுவரை வெட்டி உருவிய இரும்புக் குழாயை
வாயில் வைத்து ஊதினான் நிமலேந்திரன்.
காற்றுப் போகவில்லை.
கனகராயன்குளத்து உப்பு
முக்கால் இஞ்சியை
ஈர்க்கில் துளையாக்கி வைத்திருந்தது.

ஒஸ்லோவிலிருந்து தம்பி வீடியோவில் வந்தான்.
அங்கேயும் குழாய் மாற்றுகிறார்களாம்.
ஜன்னலுக்குக் கீழே இரும்பு விலா எலும்புகள்,
அதற்குள் சுடுதண்ணி ஓடினால்தான்
அறைக்கு உயிராம்.
"உனக்கும் ஒரு சுடுதண்ணி லைன் போடக்கா,
காசு அனுப்புறன்."

கூரையில் கிடந்த கறுப்புக் குழாயைத் திறந்து
கையை நீட்டினான் நிமலேந்திரன்,
வெடுக்கென்று இழுத்தான்.
"அண்ணை, இஞ்ச இது சும்மா வருது."

குளியலறை மூலையில் அவனுடைய உளி நின்றது.
வெடித்த குழாயில் சைக்கிள் ரியூப் சுற்றி
கம்பியால் பதின்மூன்று முறுக்கு.
நான் கட்டவில்லை. அவர் கட்டவில்லை.
நாங்கள் செட்டிகுளத்து முகாமில் கிடந்த காலம்
இந்தக் குழாயில் யாரோ குளித்திருக்கிறார்கள்.

"ஒழுகேல்லை," என்றான், தட்டிப் பார்த்து.
பிறகு என்னைப் பார்த்தான்.

அந்த ஒரு முழத்தை விட்டு
இரு பக்கமும் வெட்டச் சொன்னேன்.
புதுக் குழாய் அதைச் சுற்றிப் போனது,
இரண்டு முழங்கை கூடுதல், அறுநூறு ரூபா.
தம்பிக்குச் சொல்லவில்லை.

பின்னேரம் பூசி முடித்தோம்.
ஆறு மணிக்கும்
முதல் வாளி சுட்டது.