மேலேயா, கீழேயா

தரைத்தளம்தான் கடைசி.
அதற்குக் கீழே வெறும் கருங்கல்.
ஆனாலும் கேட்பார்கள்:
"மேலேயாப்பா போவுது?"
"இல்லம்மா, காட்பாடிக்கு" என்பேன்.
ஒரு குடியாத்தத்துப் பெரியவர் சிரிக்காமல்
"ஸ்டேஷனாண்ட நிக்குமா?" என்றார்.

எரிகிற பொத்தானையே
திரும்ப அமுக்குகிறவர்கள் தனி ரகம்.
முன்னால் அமுக்கினவன் விரலில் சத்து இல்லையாம்.

மால்டாவிலிருந்து வந்த ஒருவர்,
மனைவியைச் சேர்த்து ஐந்தாவது வாரம்,
பொறுக்கி வைத்த இரண்டு தமிழ்ச் சொல்லில்
நாள் முழுக்க லிஃப்டுக்குள் நிற்கிற என்னைக் கேட்பார்:
"வெயில் உண்டா?"
மே மாதம். வேலூர்.
"கொஞ்சம் மிச்சம் கீது சார்,
பை கொண்டாந்தீங்களா?"

சத்துவாச்சாரியில் வீட்டுக்குள் நுழைந்தால் எஸ்தர்:
"வந்துட்டீங்களா?"
இன்னும் வரவில்லை என்று சொல்லிப் பார்த்தேன்.
ஒரு தட்டில்தான் சோறு போட்டாள்.

நேற்று ராத்திரி ரெண்டேகால்.
ஏழாவது மாடி, அதுதான் உச்சி.
கதவு திறந்தால் மால்டாக்காரர்.
ஒரு கையில் சுருட்டிய பாய்,
இன்னொன்றில்
பெண்பிள்ளைச் செருப்பு ஒரு ஜோடி.
எதுவும் கேட்கவில்லை.

இருபத்திரண்டு வருஷமாய் லிஃப்ட் ஓட்டுகிறவன்
பொத்தான்மேல் விரலை வைத்தபடி
நான்தான் கேட்டேன்:
"கீழேயா சார்?"

கொஞ்சம் யோசித்து
"உண்டு" என்றார்.