பல்பு மஞ்சளா, ஆள் மஞ்சளா

சாம்பல் அட்டை ஒன்று விற்கிறார்கள்,
நூற்று நாற்பது திர்ஹம்.
உள்ளங்கை அகலம். ஒன்றும் எழுதியிருக்காது.
ஒன்றும் எழுதாத அட்டைக்கு
மூன்று நாள் ஓவர்டைம்.
வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

வெள்ளையைத் தேடத் தொடங்கியது அப்படித்தான்.

முசஃபாவில் எங்கள் அறையில் எட்டுக் கட்டில்,
வெள்ளைக்கா பஞ்சம் என்று நினைத்தேன்.
சவரிராஜின் பனியன் சொட்டு நீலத்தில் முக்கியது.
கேமரா அதை நம்பி
எல்லார் முகத்திலும் சந்தனம் பூசியது.
ஆபீஸ் பிரிண்டர் தாளிலும்
ஏதோ ஒரு நீலம் ஒளிந்திருந்தது.
டீக் கோப்பையின் உட்புறம் கறை.
குபூஸைக்கூடப் பிடித்துப் பார்த்தேன்,
மீரான் பிடுங்கிச் சாப்பிட்டுவிட்டார்.
கடைசியில், ஹோட்டலில் இலவசமாய் உருவிவந்த டிஷ்யூ,
நான்காய் மடித்தது,
அதுதான் பொய் சொல்லாமல் நின்றது.

பெரிய வித்தை இல்லை.
முகம் எங்கேயோ தாளும் அங்கே.
படம் முழுக்கத் தாளே நிறையட்டும்,
பளீரென்று எரிந்துபோகாமல், கொஞ்சம் மங்கலாய்.
இதுதான் வெள்ளை என்று கேமராவிடம் சொல்.
கேட்டுக்கொள்ளும்,
அதற்கென்று சொந்தக் கருத்து கிடையாது.
இரண்டு வெளிச்சம் இருந்தால் ஒன்றை அணை.

விடுமுறை நாள் பிறந்தநாள்களுக்கு இது போதுமாய் இருந்தது.

ஜூலையில் ட்யூப்லைட் போயிற்று.
வாட்ச்மேன் ஒரு மஞ்சள் பல்பைக் கொடுத்தான்.
அதே வாரம் கோட்டைச்சாமி
சாரம் ஏறாமல் படுத்துக்கொண்டான்.
சோறு வேண்டாம், தயிரும் வேண்டாம்.
வெயிலுக்குப் பயந்த நோய் என்றான் ஃபோர்மேன்.

சவரிராஜின் மச்சினி புனிதா, அல் ஐனில் நர்ஸ்.
போனில் எடுத்து அனுப்பினோம்.
சுவர் மஞ்சள், தலையணை மஞ்சள்,
மேலே தொங்கிய என் சட்டையும் மஞ்சள்.
பதில் வந்தது:
"பல்பு மஞ்சளா, ஆள் மஞ்சளா?"

காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள்.
சரி, இங்கே காமாலை யாருக்கு?
பல்புக்கா, போனுக்கா,
ஒரு வாரமாய் அந்த வெளிச்சத்தில்
அவன் முகத்தைப் பார்த்துப் பழகிய எங்களுக்கா?
ஆட்டோவில் விட்டால் கேமரா ரொம்ப மரியாதைக்காரன்,
நோயையும் சேர்த்துத் துடைத்துக் கொடுத்துவிடும்.

கட்டிலுக்குத் திரையாய்த் தொங்கிய பச்சைப் போர்வையைச் சுருட்டினேன்.
குளியலறை விளக்கை மீரான் அணைத்தார்.
டிஷ்யூவை அவன் கன்னத்தில் வைத்தேன்.
"துடைச்சுக்கவா?" என்றான்.
"இல்ல மச்சான், அப்படியே பிடிச்சுக்க."
முதல் படம், தாள் மட்டும்.
இரண்டாவது, தாளும் கண்ணும்.
கீழிமையை அவனே விரலால் இழுத்துக்கொண்டான்.

சின்னத் திரையில்
தலையணை வெள்ளைக்குத் திரும்பியது.
சுவர் திரும்பியது.
டிஷ்யூ திரும்பியது.
கண் திரும்பவில்லை.

புனிதா எழுதவில்லை, கூப்பிட்டாள்.
"இப்பவே டாக்ஸி பிடிங்க."

அவனைச் சேர்த்துவிட்டு வரும்போது விடிந்திருந்தது.
கேமரா கழுத்திலேயே தொங்கியது,
எதற்குக் கொண்டுபோனேன் தெரியாது.
கேம்ப் வாசலில் ஒரு படம் எடுத்தேன்.
பஸ்ஸுக்கு நிற்கும் வரிசை, தண்ணீர் லாரி, மணல்.
மாற்ற மறந்திருந்தேன்.
பல்புக்குச் சொல்லிக்கொடுத்த வெள்ளையை
சூரியனுக்கும் வைத்துக்கொண்டிருந்தது.
முசஃபா முழுக்க நீலம்.
ஹெல்மெட் நீலம், புழுதி நீலம்,
கடலுக்கடியில் பஸ்ஸுக்குக் காத்திருப்பதுபோல் நூறு பேர்.
அழிக்கவில்லை.

ஃபோர்மேன் வந்து கேமராவை வாங்கினான்.
இரண்டாவது படத்தைப் பார்த்தான்.
பெரிதாக்கிப் பார்த்தான்.
"பக்கத்துல என்ன தாள்?" என்றான்.