கடைசிச் சுழி

டார்ட்டு நகரில், பட்டாணித் தெருவில்,
அடுத்தது அவரைத் தெரு, அதற்கடுத்தது உருளைக்கிழங்குத் தெரு,
இந்தப் பேட்டைக்கே சூப்பூர் என்றுதான் பெயர்,
கணப்பில் இரண்டு பிர்ச் விறகு போட்டுவிட்டு
பிழைகளை எண்ண உட்காருகிறேன்.
இரண்டாயிரத்து முந்நூற்று ஆறு.
நேற்றுப் படுக்கப் போகும்போது பதினாறு குறைவாக இருந்தது.

பதினோரு ஆண்டுக்கு முன்
ஏரிக்கரையில் புகைமீன் விற்கும் தம்பி ஐவாருக்காக
ஒரே ஞாயிற்றுக்கிழமையில் எழுதியது.
தராசு முணுமுணுப்பதைக் கேட்டு
கணினிக்குச் சொல்லும் சின்ன நிரல்.
யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று வாசலில் வைத்தேன்.
எடுத்துக்கொண்டார்கள்.
அஞ்சலகங்கள், ஆணிக்கடைகள், தங்கம் நிறுப்பவர்கள்,
எந்த ஊர் என்றே தெரியாத ஒரு தேன் கம்பெனி.

எடுத்தவர்கள் எல்லோரும் இப்போது என்னிடம் பேசுகிறார்கள்.
வேலை செய்யவில்லை.
எது என்று கேட்டால், எதுவுமே.
ஹில்லே, எழுதுமுன் யோசிக்கவே மாட்டீர்களா?
எனக்கும் அதே.
எனக்கும்.
எனக்கும் அதே, ஆனால் செவ்வாய்க்கிழமை மட்டும்.
ஒருவர் தன் தராசைப் படம் பிடித்து அனுப்பியிருக்கிறார்;
மின்கம்பி செருகப்படவே இல்லை.
ஒருவர் நிரலின் பெயரை மாற்றச் சொல்லிப்
பதினான்கு பத்தி எழுதியிருக்கிறார்,
அதை மறுத்து இன்னொருவர் பதினாறு.
இருவர் வீட்டிலும் தராசு கிடையாது.

அவர்கள் என்னைத் தூற்ற
அவர்கள் எழுதியதை நான் தூற்றுகிறேன்.
பதர் பறந்து என் முகத்திலேயே ஒட்டுகிறது.

இரவு பத்துக்கு மேல் கை பழகிவிடும்.
முதல் வரி பார்த்தால் போதும்.
'ஏற்கெனவே சொல்லப்பட்டது.' மூடு.
அடுத்தது. மூடு.
அதில் ஒரு சுகம் இருக்கிறது, பொய் சொல்லமாட்டேன்,
பனியைத் தள்ளத் தள்ள
பின்னால் கருங்கல் தெரிவது போல.

இன்று ஆயிரத்து நூற்று எழுபத்திரண்டைத் தேடிப் போனேன்.
புள்ளிக்கும் காற்புள்ளிக்கும் நடக்கும் பழைய சண்டை அது.
இன்னொன்றை அதன் தலையில் கட்டத்தான் போனேன்.
ஏற்கெனவே கட்டியவை அறுபத்து மூன்று.
நடுவில் ஒன்று, மார்ச் மாதத்தில் மூடியது,
உருகுவேயில் தக்குவாரெம்போ, நெலிதா என்ற செவிலி.
எந்திரம் மொழிபெயர்த்த கோணல் வாக்கியம்:
"கிலோவுக்குக் குறைந்தால் கடைசிச் சுழி விழுகிறது."
வந்த அதே நிமிடத்தில் மூடியிருக்கிறேன்.
அதற்கும் கீழே அவள் எழுதியது, நான் படிக்காதது:
"அது வேறு, இது வேறு என்று நினைக்கிறேன்.
பரவாயில்லை. நாங்கள் கையால் போட்டுக்கொள்கிறோம்."

ஒரு படம். திறந்தேன்.
பச்சைக் குழந்தையின் கணுக்காலில் கட்டும் நாடா.
0,98 என்று அச்சு.
பக்கத்தில் நீலப் பேனாவில்,
அவசரமில்லாமல், வாய் சரியாக மூடிய
ஒரு சுழி.

தொள்ளாயிரத்து எண்பது கிராம்.
சுழி போனால் அடுத்த அறையின் கணினி
தொண்ணூற்றெட்டு என்று படிக்கும்.
மருந்தை எடை பார்த்துத்தானே அளப்பார்கள்.

தம்பியின் மீன்சீட்டில் அழகாக இல்லை என்று
அந்தச் சுழியைச் சுரண்டி எறிந்தவள் நான்தான்.
ஒரே வரி.
பக்கத்தில் என் குறிப்பும் இருக்கிறது:
'எதற்கும் உதவாத பூஜ்யம்.'

எட்டு மாதம்.
எத்தனை கணுக்கால், எத்தனை இரவுப் பணி,
யாருக்காவது ஒரு தடவை
பேனா எழுதாமல் போயிற்றா?
கேட்க வேண்டும். கேட்கப் பயமாக இருக்கிறது.

வரியை அழித்தேன்.
சமையலறைத் தராசில் வெண்ணெய்க் கட்டியை வைத்து
மூன்று முறை சோதித்தேன்.
நெலிதாவுக்கு எழுதினேன்: "நீங்கள் சொன்னதுதான் சரி."
அதற்கு மேல் எந்த மொழியிலும் வரவில்லை.
பிறகு அந்தக் கேள்வியையும் கேட்டேன்.

விடியுமுன் புதிதாக ஒன்று வந்துவிட்டது:
'சீட்டில் வேண்டாத சுழி. உடனே நீக்கவும்.'
எனக்கும் அதே.
எனக்கும்.
எனக்கும் அதே. இது ஐவார்.

மூட விரல் போனது.
திறந்தே வைத்து
அந்த நீலச் சுழியை அதில் ஒட்டினேன், ஒரு சொல்லும் சேர்க்காமல்.

தக்குவாரெம்போவில் இப்போது நள்ளிரவு தாண்டியிருக்கும்.
பதில் இல்லை.
கணப்பு அணைந்து கிடக்கிறது.
விறகு கொட்டகையில்.