தாயார் பெயர்க் கட்டம்

மஞ்சக்குப்பம் கோர்ட்டு எதிரில் ஜெராக்ஸ் கடை எனக்கு.
பக்கம் இரண்டு ரூபாய், முன்னும் பின்னும் மூன்று.
வாரிசுச் சான்றுக்கு வருகிறவர்கள்
செத்தவரின் பெயரைக் கண்ணாடியில் கவிழ்த்துத் தருகிறார்கள்.
பச்சை வெளிச்சம் ஒருமுறை அடியில் போய் வருகிறது.
என் பெயர் எப்பர் செல்வநாதன்.
எப்பர்னா என்ன சாமி பேரு என்று
கேட்காத தாசில்தார் இல்லை.

ஓல்டு டவுன் சர்ச்சுக்கு மூன்று திங்கட்கிழமை போனேன்.
முதல் திங்கள், பாஸ்டர் ஊரில் இல்லை.
அடுத்த திங்கள், பீரோ சாவி ஊரில் இல்லை.
மூன்றாவதில் பீரோ திறந்தது.
தானே புயலில் குடித்த தண்ணீரை
இன்னும் விழுங்காமல் வைத்திருந்தது அது.
ஒட்டிக்கிடந்த தாள்களை
ஸ்கேலை நுழைத்து நுழைத்துப் பிரித்தேன்.

1836. மை காப்பி நிறத்துக்கு வந்திருந்தது.
குழந்தை எசேக்கியல்.
பிறந்தது ஆகஸ்டு ஒன்பது.
தகப்பன் ஜான் ஹெபர்ட், கம்பெனிப் பட்டாளத்துச் சிப்பாய்,
இடது முழங்கால் போய் பென்ஷனில் இருப்பவன்.
சீமையில் செய்த தொழில்: ஆணி அடிப்பது.

லண்டனில் நமக்கு பங்களா இருக்கிறது,
பத்திரம் மட்டும்தான் கைக்கு வரவில்லை என்று
இருபது வருஷம் சொல்லிவிட்டுச் செத்தார் என் சித்தப்பா.
ஆணி, சித்தப்பா.
ஆயிரத்துக்கு இத்தனை காசு என்று
கொல்லுப்பட்டறையில் கூலிக்கு அடித்த ஆணி.
கையெழுத்துகூடத் தெரியாது அவனுக்கு.
ஒரு பெருக்கல் குறி,
பக்கத்தில் பாதிரி எழுதுகிறார்: இது ஹெபர்ட் போட்ட குறி.
கைநாட்டுக்குப் பக்கத்தில்
வி.ஏ.ஓ. எழுதுகிற மாதிரியேதான்.

தாயார் பெயர்க் கட்டத்தில்
‘சுதேசிப் பெண் ஒருத்தி.’
அதற்கென்று பேனாவை மையில் தொடவும் இல்லை.
முந்தின வார்த்தையின் மிச்சத்தில் எழுதி முடித்திருக்கிறார்,
கடைசி எழுத்து வெளிறிப்போயிருந்தது.

பைண்டு பண்ணியவன் கவனக்குறைவு,
பதிவேட்டின் பின்னால்
ஏதோ ஒரு கேப்டன் வீட்டுக் கணக்கு நோட்டையும்
சேர்த்துத் தைத்துவிட்டான்.
துரைசானி கையெழுத்து, சாய்வாக, அழகாக.
வாத்து இரண்டு. மெழுகுவத்தி. நாய்க்கு இறைச்சி.
தண்ணீர் இழுக்கும் பவழம், கூலி, ஒன்றே கால் ரூபாய்.
ஜூனில் பவழம். ஜூலையில் பவழம்.
ஆகஸ்டில்:
‘பவழம் வரவில்லை, பிள்ளைப்பேறு.
ஆறு அணா பிடித்தம்.’

கோர்ட்டு வாசலில் பிழைக்கிறவன் நான்.
இது சாட்சிக்கு நிற்காது என்று தெரியும்.
அந்த ஆகஸ்டில் கடலூரில் எத்தனை பேர் பெற்றிருப்பார்கள்.
அதே நோட்டில், நாலு பக்கம் தள்ளி,
துணி வெளுக்கிற வீட்டில் இன்னொரு பவழம் இருக்கிறாள்.
இவள் எனக்கு யாருமே இல்லாமலும் இருக்கலாம்.

ஆனால் அந்த ஆறு அணா.
செப்டம்பரில் முழுக் கூலி போட்டிருக்கிறது.
அப்படியானால் மூன்று வாரத்துக்குள்
கிணற்றடிக்கு வந்துவிட்டாள்.
பச்சை உடம்பு,
வடக்கயிறு,
ரவிக்கை நனைந்திருக்கும்,
தண்ணீரால் மட்டும் இல்லை.

போனில் எடுத்துவந்து கடையில் பிரிண்ட் போட்டேன்.
முழுக்கக் கருப்பு.
வெளுப்பைக் கூட்டினேன், ஹெபர்ட் போய்விட்டான்.
குறைத்தேன், ஈரக்கறை எழும்பியது,
கறைக்கு நடுவில் பவழம், பாதி.
ஏழு தாள் வீண்.

‘அண்ணே, வாரிசு மனு பாரம் இருக்கா?’
மேல்பட்டாம்பாக்கத்துக்காரி, இடுப்பில் தூங்கும் பிள்ளை.
எடுத்துக் கொடுத்தேன்.
தாயார் பேரை விட்டுடாதீங்க,
திருப்பி அனுப்பிடுவாங்க என்றேன்.
பேனா கேட்டாள்.
கொண்டுபோனவள் திருப்பித் தரவில்லை.